ஏஜ் பண்ணாததப் பாத்தியாம்மா?

போன மாதம் ஓர் ஆய்வுக் கட்டுரை மதிப்பீட்டுக்காக என்னிடம் வந்தது. எந்த இதழ், யார் எழுதியது என்பதெல்லாம் வெளியே சொல்லக் கூடாது. அலுமினியக் கலவை, அதற்கு ஏஜிங் (மிதமான சூட்டில் வைத்துக் கடினமாக்குவது), கூடவே கொஞ்சம் வலிமைக் கணக்கு என்று இந்தத் துறையில் அடிக்கடி பார்க்கிற ரகம்தான். இரவு பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். நான்காவது படத்தில் நின்றுவிட்டேன். சாம்பல் நிறப் பரப்பின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். கறுப்புத் துணியில் ரவையைத் தூவியது போல. எல்லாம் ஒரே அளவு, எல்லாம் உருண்டை. படத்துக்குக் கீழே, நுண்ணிய மக்னீசியம் சிலிசைடு வீழ்படிவுகள் சீராகப் பரவியிருக்கின்றன என்று ஒரு வரி.

இந்தப் படத்தை நான் ஏற்கனவே பார்த்திருக்கிறேன். இதையே அல்ல, இதன் அக்காவை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், என் பெயர் போட்ட ஸ்லைடில்.

மதிப்பீட்டை அன்றைக்கு முடிக்கவில்லை. அந்த வாரமும் முடிக்கவில்லை. இதழிலிருந்து பணிவாக ஒரு நினைவூட்டல் வந்தது, அப்புறம் அவ்வளவு பணிவில்லாமல் இன்னொன்று. என்ன எழுதுவது என்பது எனக்குத் தெரியும். எப்படி எழுதுவது என்பதில்தான் சிக்கல். கட்டுரையைத் திறக்கும்போதெல்லாம் ஒரு பாலிஷிங் ரூமின் வாசனைதான் வந்தது.

முகம் தெரியணும்

கேட் தேர்வு எழுதி, எம்.டெக். சேர்ந்து, அதிலிருந்து அப்படியே பிஎச்.டி.க்குள் நழுவியவள் நான். மெட்டீரியல்ஸ் சயின்ஸ் என்றதும் ஊரில் ஒரு சித்தப்பா "அதான் ஜல்லி, சிமெண்டா?" என்று கேட்டார். இன்னொருவர் துணிக்கடை மெட்டீரியல் என்றே முடிவு கட்டிவிட்டார். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. துறையே பெயரை மாற்றிக்கொண்டு வந்த துறை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1945இல் மெட்டலர்ஜி என்று தொடங்கியதற்கு இன்றைக்குப் பெயர் மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங். சென்னை ஐஐடியில் இரண்டு சொல்லையும் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். நான் படித்த இடத்திலும் பலகை மாறியிருந்தது. பலகைக்குப் பின்னால் பாலிஷிங் ரூம் மட்டும் மாறவில்லை. தரையில் எப்போதும் ஈரம், சுவரில் கறுப்புத் தெறிப்பு, ஜன்னலோரம் யாரோ காயப் போட்ட வெல்வெட் துணி.

உலோகத்தின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் அதைக் கண்ணாடி ஆக்க வேண்டும். எமரி பேப்பரில் 220, 400, 600, 800, 1000, 1200 என்று போக வேண்டும். ஒவ்வொரு பேப்பருக்கும் சாம்பிளை 90 டிகிரி திருப்பித் தேய்க்க வேண்டும், முந்தின பேப்பரின் கோடு முழுக்க மறையும் வரைக்கும். அப்புறம் சுழலும் தட்டில் துணி, அதன் மேல் டயமண்ட் பேஸ்ட். படிக்கும்போது ஒரு பத்தி. செய்யும்போது ஒரு நாள். அலுமினியம் வேறு மெத்தென்று இருக்கும். கொஞ்சம் அழுத்தினால் எமரித் துகள் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரே பக்கமாகப் பிடித்துத் தேய்த்தால் ஒவ்வொரு கெட்டித் துகளுக்கும் பின்னால் வால் நட்சத்திரம் போல ஒரு வால் விழும். முதல் செமஸ்டரில் என் வலது கை ஆள்காட்டி விரல் நகம் பாதி தேய்ந்திருந்தது. அம்மா பார்த்துவிட்டு, ஹாஸ்டலில் பாத்திரம் தேய்க்கச் சொல்கிறார்களா என்று கேட்டாள்.

அந்த அறைக்குப் பொறுப்பாக ஒரு அண்ணன் இருந்தார். பதவி டெக்னீஷியன். ஐடிஐ படித்துவிட்டு இருபது வயதில் உள்ளே வந்தவர். நான் சேர்ந்தபோது ஓய்வு பெற ஐந்தாறு வருஷம் பாக்கி. நாங்கள் கொண்டுபோய் நீட்டும் சாம்பிளை வாங்கி, டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடிப்பார். "முகம் தெரியணும்மா" என்பார். தெரிகிறதே என்றால், "தெரியுது, ஆனா மூக்குல கோடு இருக்கு" என்று திருப்பிக் கொடுப்பார். ஒரு கோட்டுக்காக மறுபடி 600லிருந்து. எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வரும்.

இரண்டு ஆச்சரியக்குறி

என் ஆய்வு 6061 என்ற அலுமினியக் கலவையில். சுமார் 1 சதவீதம் மக்னீசியம், அதைவிடக் கொஞ்சம் குறைவாகச் சிலிக்கான். சைக்கிள் சட்டத்திலிருந்து படகு வரை போகிற சரக்கு. 530 டிகிரியில் வைத்தால் மக்னீசியமும் சிலிக்கானும் அலுமினியத்தில் கரைந்துவிடும். சட்டென்று தண்ணீரில் போட்டால் கரைந்தபடியே மாட்டிக்கொள்ளும். பிறகு 175 டிகிரியில் மெல்ல வைத்தால் அவை ஒன்றுகூடி நுண்ணிய வீழ்படிவுகளாகும். உலோகம் வளையும்போது அணு அடுக்குகளில் நகரும் பிசகுகளை அவை மறிக்கும், உலோகம் கடினமாகும். ரொம்ப நேரம் வைத்தால் வீழ்படிவுகள் பருத்து எண்ணிக்கையில் குறைந்துபோகும், கடினமும் இறங்கும். ஏஜிங் என்பது இவ்வளவுதான். எங்கள் லேபில் தண்ணீர் என்றால் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி, அதில் மெஸ்ஸிலிருந்து வாங்கி வந்த ஐஸ். உலைக் கதவைத் திறந்து, இடுக்கியால் எடுத்து, வாளியில் போட இரண்டு மூன்று விநாடி. தவறினால் அன்றைய பொழுது போச்சு.

தணித்த பிறகு, ஏஜிங்குக்கு முன்னால், லேசாக உருட்டி மெல்லியதாக்கினால் என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி. 1, 2, 4, 8, 16, 24 மணி நேரம் என்று சாம்பிள் எடுக்க வேண்டும். 16 எப்போதும் விடியற்காலையில் வந்து விழும். உலை அறையில் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருக்கிறேன். வைர முனையை அழுத்தி அளக்கிற விக்கர்ஸ் கடினத்தன்மை எடுத்தால், தணித்து உருட்டியதைவிட ஏஜ் செய்தது ஏறும், எட்டு மணி நேரத்துக்கு முன்னாலேயே உச்சம், அப்புறம் இறங்கும். எல்லாம் புத்தகப்படி. இதை வைத்துக்கொண்டு யாரும் பிஎச்.டி. கொடுக்க மாட்டார்கள்.

அப்போதுதான் லேபுக்கு அந்தப் பாட்டில் வந்தது. கூழ்மச் சிலிக்கா. பார்த்தால் தண்ணீர் ஊற்றிய பால் மாதிரி இருக்கும். 50 நானோமீட்டர் வாக்கில் இருக்கும் சிலிக்கா உருண்டைகள் காரத் திரவத்தில் மிதக்கும். டயமண்டுக்கு அப்புறம் கடைசியாக இதில் தேய்த்தால் பரப்பு அப்படி வரும். வெளிநாட்டுச் சரக்கு என்பதால் பூட்டு போட்ட அலமாரியில் இருந்தது. நான் அதில் பாலிஷ் செய்தேன். மூன்று எட்டு தள்ளி இருந்த சிங்க்கில் கழுவினேன், ஆல்கஹால் ஊற்றினேன், ஹேர் டிரையரில் காயவைத்தேன். எஸ்.இ.எம். என்கிற ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஸ்லாட்டுக்காக மூன்று வாரம் காத்திருந்து உள்ளே வைத்தால், வெள்ளைப் புள்ளிகள். ஆயிரக்கணக்கில். அழகாக.

அன்றிரவு லேப் நோட்டில் எழுதியது இப்போதும் இருக்கிறது. "வீழ்படிவு தெளிவாகத் தெரிகிறது!!" இரண்டு ஆச்சரியக்குறி.

ஆறு மாதம் அந்தப் புள்ளிகளோடு குடித்தனம் நடத்தினேன். ஒவ்வொரு ஏஜிங் நேரத்துக்கும் படம் எடுத்தேன். மென்பொருளில் அளந்தேன், எண்ணினேன். ஒரு மணி நேர சாம்பிளிலும் சராசரி அளவு 60 நானோமீட்டர், 24 மணி நேர சாம்பிளிலும் 60. இந்த இடத்தில் புத்தியுள்ள ஆள் நின்றிருக்க வேண்டும். வீழ்படிவு பருக்காமல் அப்படியே இருக்கிறது, ஆனால் கடினத்தன்மை மட்டும் ஏறி இறங்குகிறது என்றால் எங்கேயோ கணக்கு உதைக்கிறது. நான் நிற்கவில்லை. உருட்டியதால் வீழ்படிவுகள் பருக்க மறுக்கின்றன என்று எழுதினேன். கடினத்தன்மை இறங்குவதற்கு உருட்டிய பிசகுகள் சூட்டில் தளர்வதுதான் காரணம் என்று ஒரு பத்தி கட்டினேன். எந்தத் தனிமம் என்று எக்ஸ் கதிரை வைத்துச் சொல்லும் இ.டி.எஸ்.ஸில் புள்ளியின் மேல் கதிரை வைத்தால் சிலிக்கான் வந்தது. கலவையிலேயே சிலிக்கான் இருக்கிறதே, வரத்தானே செய்யும். ஆக்சிஜனும் எட்டிப் பார்த்தது. அலுமினியத்தின் மேல் எப்போதும் ஆக்சைடு உண்டு என்று தள்ளிவிட்டேன். 20 கிலோவோல்ட்டில் கதிர் மூன்று நான்கு மைக்ரான் ஆழம் இறங்கும், 60 நானோமீட்டர்ப் புள்ளியைவிட அதன் அடியில் இருக்கும் உலோகத்தைத்தான் அதிகம் படிக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்தப் பாடத்தில் எனக்கு எஸ் கிரேடு.

இன்னொன்றும் தெரியும். உலோகம் என்பது சின்னச் சின்னப் படிகப் பரல்கள் ஒட்டியிருப்பது; இந்த வகைக் கலவையில் பரலின் எல்லையை ஒட்டி வீழ்படிவே இல்லாத ஒரு வெற்றுப் பட்டை விழும். தேர்வில் அதைப் படம் போட்டு பத்துக்குப் பத்து வாங்கியிருக்கிறேன். என் படங்களில் புள்ளிகள் எல்லையைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயின, மாடுகள் ரயில் தண்டவாளம் கடப்பது போல. தவிர, நிஜமான வீழ்படிவு இதில் ஊசியாகவோ பட்டையாகவோ இருக்கும், இப்படி உருண்டையாக இருக்காது. ஊசிகளைப் பார்க்க எஸ்.இ.எம். போதாது, மெல்லிய சாம்பிளை ஊடுருவிப் பார்க்கிற டி.இ.எம். வேண்டும். இத்தனையும் தெரிந்தவள்தான் 64 படம் எடுத்து, அதில் புள்ளிகள் மிகச் சீராக விழுந்த ஒன்றைப் பொறுக்கி, "மாதிரிப் படம்" என்று கீழே எழுதினாள். என் கைடு பார்த்தார். கமிட்டியில் நாலு பேராசிரியர்கள் பார்த்தார்கள். ஒருவர், படம் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டினார். எல்லோரும் எதை எதிர்பார்த்தோமோ அது தெரிந்தது. அதற்கப்புறம் யார் கேள்வி கேட்பார்கள்?

சோப்பும் தண்ணியும்

மாநாட்டுக்குப் போஸ்டர் அச்சாகி வந்த அன்று, அதைப் பாலிஷிங் ரூம் மேஜையில்தான் விரித்துப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மேஜை வேறெங்கும் இல்லை. அண்ணன் டீ டம்ளரோடு வந்து நின்றார். எழுத்து எதையும் படிக்கவில்லை. நேராகப் படங்களுக்குப் போனார்.

"இதெல்லாம் என்னம்மா?"

"வீழ்படிவுண்ணா. ஏஜ் பண்ணா வரும்ல."

"இது?"

"ஒரு மணி நேரம்."

"இது?"

"இருபத்தி நாலு."

கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். டீயை ஒரு வாய் குடித்தார்.

"ஏஜ் பண்ணாததப் பாத்தியாம்மா?"

"அதுல ஒண்ணும் இருக்காதுண்ணா."

"ஒண்ணும் இல்லன்னு பாத்துட்டுச் சொல்றியா, இல்ல ஒண்ணும் இருக்காதுன்னு பாக்கவே இல்லியா?"

அவர் குத்திக்காட்டவில்லை. எந்த பஸ்ஸில் வந்தாய் என்று கேட்கிற தொனியில்தான் கேட்டார். நான் ஏதோ சமாளித்துவிட்டுப் போஸ்டரைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஹாஸ்டலுக்குப் போகிற வழியெல்லாம் அவருக்கு என்ன தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். அவருக்கு மக்னீசியம் சிலிசைடு என்றால் என்ன என்று தெரியாது. அது உண்மை. ராத்திரி தூக்கம் வரவில்லை. அதுவும் உண்மை.

இரண்டு நாள் கழித்து ஒரு தோழியின் ஸ்லாட்டில் அரை மணி நேரம் கடன் வாங்கி, ஏஜ் செய்யாத சாம்பிளை உள்ளே வைத்தேன். புள்ளிகள். அதே அளவு, அதே உருண்டை, அதே அழகு.

மனுஷ மனசு உண்மையை ஒத்துக்கொள்ளும் முன் எத்தனை சந்து பொந்து பார்க்கிறது என்பதை அந்த வாரம் கற்றுக்கொண்டேன். முதல் சந்து: பிடித்துத் தேய்க்க வசதியாகச் சாம்பிளைப் பேக்கலைட் பிளாஸ்டிக்கில் பதித்து மவுண்ட் செய்யும்போது 150 டிகிரி வரை போகும், அந்தச் சூட்டிலேயே ஏஜ் ஆகியிருக்கும். ஆனால் நான் செய்தது சூடாக்காமல் பதிக்கிற கோல்டு மவுண்ட். இரண்டாவது: இந்தக் கலவை அறை வெப்பத்திலேயே கொஞ்சம் ஏஜ் ஆகும், சாம்பிளை ஃப்ரிட்ஜில் வைத்திருக்க வேண்டும். ஆனால் அப்படி உருவாகிற அணுக்கூட்டங்கள் ஒன்றிரண்டு நானோமீட்டர்தான், எஸ்.இ.எம்.மில் தெரியவே தெரியாது. மூன்றாவது சந்துதான் ஆபத்தானது: ஒருவேளை நான் புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டேனோ? இந்தத் துறையில் படிக்கும் எல்லோருக்கும் டான் ஷெக்ட்மன் கதை தெரியும். 1982 ஏப்ரல் 8, அலுமினியம் மாங்கனீசு கலவை ஒன்றில், படிகத்தில் இருக்கவே முடியாது என்று எல்லோரும் நம்பிய பத்து மடிச் சமச்சீரை (பத்தில் ஒரு சுற்று திருப்பினாலும் அதே மாதிரி தெரிவது) எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். ஊரே சிரித்தது. கட்டுரை வெளிவர 1984 ஆனது, நோபல் வர 2011. தப்பாக ஏதாவது தெரிந்தால் ஒவ்வொரு ஆராய்ச்சி மாணவருக்குள்ளும் ஒரு ஷெக்ட்மன் எழுந்து உட்கார்ந்துகொள்வார். ஆனால் அவருடைய நோட்டில் அன்றைக்கு இருந்தது பத்து மடி என்ற குறிப்பும், பக்கத்தில் மூன்று கேள்விக்குறியும். என் நோட்டில் இருந்ததை மேலே சொல்லிவிட்டேன்.

கடைசியில் லேப் அலமாரியில் கிடந்த சுத்த அலுமினியத் துண்டு ஒன்றை எடுத்தேன். அதில் மக்னீசியமும் இல்லை, சிலிக்கானும் சொல்லும்படி இல்லை. அதே துணி, அதே பாட்டில், அதே சிங்க். உள்ளே வைத்தால் திரை நிறையப் புள்ளிகள். நுண்ணோக்கியை இயக்கிக்கொண்டிருந்த தம்பி, "அக்கா, இதுவும் அந்த சாம்பிள்தானா?" என்றான்.

மறுநாள் காலை பாலிஷிங் ரூம் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. சாம்பிளை வாங்கி, தட்டை ஓடவிட்டு, பாலை இரண்டு சொட்டு விட்டு, விரல் நுனியால் வைத்தார். அழுத்தவே இல்லை, குழந்தையின் நெற்றியில் கை வைத்துச் சுரம் பார்ப்பது போல. இரண்டு நிமிஷம். அப்புறம் சாம்பிளை எடுக்காமல், தட்டை நிறுத்தாமல், குழாயைத் திறந்து துணியின் மேலேயே தண்ணீர் விட்டார். வெள்ளையெல்லாம் ஓடி வடிந்து, தெறிக்கிற தண்ணீர் தெளிந்த பிறகும் அரை நிமிஷம் தேய்த்தார்.

"பாலு காயக் கூடாதும்மா. காஞ்சா பிடிச்சுக்கும், அப்புறம் எவ்ளோ கழுவுனாலும் போகாது. நீ எடுத்துக்கிட்டு சிங்க் வரைக்கும் நடக்குறேல்ல, அதுக்குள்ள காஞ்சிரும். சோப்பு தேச்சுட்டு தண்ணி ஊத்தாம துண்டுல துடைச்சா எப்பிடி?"

மூன்று எட்டு. என் ஆறு மாதம் அந்த மூன்று எட்டில் காய்ந்துபோயிருந்தது. நான் எண்ணியதெல்லாம் காய்ந்த சிலிக்கா; இ.டி.எஸ்.ஸில் வந்த ஆக்சிஜனும் அதனுடையதுதான். அவர் தேய்த்துக் கொடுத்த சாம்பிளில் சாம்பல் பரப்பைத் தவிர ஒன்றுமே இல்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாக இரும்பு கலந்த பெரிய துகள்கள், அவை எல்லா 6061இலும் உண்டு. அவ்வளவு சுத்தமான வெறுமையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்று அவரைக் கேட்டேன். கேட்டபோதே அசட்டுத்தனமாக இருந்தது. "நீ கேக்கலியேம்மா" என்றார். அந்தப் பாட்டில் வந்ததிலிருந்து நான் பாலிஷ் செய்ததெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான், அவர் வீட்டுக்குப் போன பிறகு. மூக்கில் கோடு இருக்கிறது என்று திருப்பிக் கொடுக்க ஆள் இல்லாத நேரம் பார்த்து.

ஒரு வரி

கைடிடம் போய்ச் சொன்னபோது சார் முதலில் கேட்டது, போஸ்டர் பிரிண்ட் ஆகிவிட்டதா என்று. ஆகிவிட்டது என்றேன். "சரி, வாபஸ் வாங்கிரு" என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். "நானும் பாக்கலியே" என்று மட்டும் சொன்னார். பிறகு எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பழைய தீசிஸை எடுத்தார். யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. நடுவில் எங்கோ ஒரு பக்கத்தைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார். நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

1906இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் என்பவர்தான் ஏஜிங்கைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார். தோட்டாக் கூட்டுக்குப் பித்தளைக்குப் பதிலாக அலுமினியம் தேடிக்கொண்டிருந்தவர். தணித்த கலவையின் கடினத்தை அளந்ததில் பெரிதாக ஒன்றுமில்லை. வாரக் கடைசி கழிந்து மறுபடி அளந்தால் ஏறியிருந்தது. ஏன் ஏறியது என்று அவருக்குத் தெரியாது. உள்ளே ஏதோ நுண்ணிய துகள் பிரிகிறது என்ற விளக்கத்தை 1919இல்தான் அமெரிக்காவில் மெரிக்காவும் அவர் கூட்டாளிகளும் சொன்னார்கள். அதற்கான நேரடித் தடயம் 1938இல் எக்ஸ் கதிர் மூலம் கினியேவுக்கும் பிரெஸ்டனுக்கும் தனித்தனியாகக் கிடைத்தது. 32 வருஷம், கடினத்தன்மை எண் மட்டும் கையில், படம் இல்லை. அந்த இடைவெளியில் வில்மின் கலவையான டியூராலுமின் வானத்தில் பறக்கவே தொடங்கிவிட்டது. எனக்கு நேர்மாறு. கையில் அருமையான படம் இருந்தது. கடினத்தன்மை எண்கள் படத்தை நம்பாதே என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தன. அவற்றுக்குத்தான் நான் சமாதானம் எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வேறொரு நிறுவனத்தில் டி.இ.எம். நேரம் வாங்கி, ஊசிகளை ஊசிகளாகவே பார்த்து, பருப்பதைப் பருப்பதாகவே அளந்து, ஒன்றரை வருஷம் தாமதமாக முடித்தேன். உதவித்தொகை ஐந்தாம் வருஷத்தோடு நின்றுபோனதால் கடைசி மாதங்கள் அப்பாவின் பணத்தில். தீசிஸில் அந்த ஆறு மாதம் எங்கே என்று தேடினால் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வரி இருக்கும்: இறுதி 30 விநாடிகள் துணியின் மேல் நீர் மட்டும் பாய்ச்சப்பட்டது. அவ்வளவுதான். எங்கள் கட்டுரைகளில் தப்பாகப் போனதைச் சொல்ல இடம் கிடையாது. செய்முறைப் பகுதியில், செயப்பாட்டு வினையில், சாவகாசமாக ஒரு வரி. படிப்பவர் தாண்டிப் போவார். நானும் எத்தனையோ தீசிஸ்களில் அப்படிப்பட்ட வரிகளைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் அடியில் யாருடைய ஆறு மாதம் கிடக்கிறதோ.

முன்னுரையில் கைடுக்கு ஒரு பத்தி, கமிட்டிக்கு ஒரு பத்தி, ஹாஸ்டல் தோழிகளுக்கு அரைப் பக்கம் நன்றி எழுதியவள், "ஆய்வகப் பணியாளர்களுக்கும்" என்று ஒரே சொல்லில் அவரை முடித்திருந்தேன். அது உறுத்திக்கொண்டே இருந்ததால் பைண்ட் ஆன பிரதி ஒன்றை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். முன்னுரையை அவர் பார்க்கவே இல்லை. விறுவிறுவென்று படங்களுக்குத் தள்ளி, ஒரு பக்கத்தை டியூப் லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்து, "இதுல கோடு தெரியுதேம்மா" என்றார். இருந்தது. இடது மூலையில், மெல்லிசாக.

அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலைக்கு ஆள் எடுக்கவில்லை. தானாகவே பாலிஷ் செய்யும் இயந்திரம் ஒன்று வாங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்ல இயந்திரம்தான், நானே இப்போது அதே மாதிரி ஒன்றை என் மாணவர்களுக்கு வாங்கியிருக்கிறேன். கடைசிக் கட்டத்தில் எவ்வளவு நேரம் தண்ணீர் விட வேண்டும் என்று அதில் நிரல் எழுதி வைக்கலாம். ஏஜ் செய்யாததைப் பார்த்தாயா என்று அது கேட்காது.

சரி, மதிப்பீட்டுக்கு வருகிறேன். முதல் வரைவில் கோபமாக எழுதியிருந்தேன். மக்னீசியம் சிலிசைடின் சராசரி அணு எண் அலுமினியத்தைவிடக் குறைவு, கனமான அணு வெளுப்பாகத் தெரிகிற பின்சிதறல் படத்தில் அது கறுப்பாகத் தெரிய வேண்டுமே தவிர வெள்ளையாக அல்ல. பரல் எல்லையில் வெற்றுப் பட்டை எங்கே. எல்லா நேரத்திலும் ஒரே அளவு எப்படி. ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது. ஒன்றரைப் பக்கம். எழுதிவிட்டுப் படித்தால், பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய என்னை நானே அடிப்பது மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் யாரோ ஒரு பிள்ளை இதற்காக விடியற்காலையில் உலை அறையில் நாற்காலியில் படுத்திருக்கும். அழித்துவிட்டேன். அதே சமயம், பூசி மெழுகினால் இந்தப் படம் அச்சாகும், அதைப் பார்த்து இன்னொருவர் தன் புள்ளிகளை நம்புவார். என்னுடைய புள்ளிகளையும் நான் அப்படி ஏற்கனவே அச்சான படங்களோடு ஒப்பிட்டுத்தானே நம்பினேன். கடைசியில் ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பினேன்: ஏஜ் செய்யாத சாம்பிளை இதே முறையில் பாலிஷ் செய்து எடுத்த படத்தைக் காட்ட முடியுமா?

போன வெள்ளிக்கிழமை திருத்திய பிரதி வந்தது. மதிப்பீட்டாளரின் மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். மாற்றங்களை நீல எழுத்தில் காட்டியிருந்தார்கள். நான்காவது படத்தை நீக்கிவிட்டார்கள். நுண்ணிய வீழ்படிவுகள் சீராகப் பரவியிருக்கின்றன என்ற வரி மட்டும் அப்படியே இருந்தது, கறுப்பு எழுத்தில்.

அதே கேள்வியை ஓர் எழுத்துகூட மாற்றாமல் மறுபடி எழுதி அனுப்பியிருக்கிறேன்.